தோளில் தொங்க வேண்டிய சட்டை

அந்த வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் அப்பார்ட்மென்றில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் மனைவி, வரவேற்பறைச் சோபாவில் படுத்தெழும்பி எங்களோடு இருந்த அவளுடைய தம்பி, நித்திரையாய்க் கிடந்த எங்கள் மூன்று வயது மகள், வெள்ளைத் துணிப் பார்சலோடு வந்திருந்த எதிர்வீட்டுச் சோமாலியப் பெண். ஐந்து பேர். ஆறாவதாக ஒருவரையும் சேர்க்க வேண்டும், ஆனால் அவர் உள்ளே வரவில்லை. அந்தப் பெண்ணின் தமையன். தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்து மணியை அடித்துவிட்டு, கதவு திறக்குமுன் இரண்டடி தள்ளிப் போய், எங்கள் வாசலுக்கு முதுகைக் காட்டியபடி, சுவரில் இருந்த தீயணைப்புக் குழாய்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மச்சான் கதவு ஓட்டையால் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

“அத்தான், வெளியிலை ஒராள் சுவரோடை கோவிச்சுக்கொண்டு நிக்குது.”

“வாயைப் பொத்தடா” என்றாள் மனைவி.

எனக்கோ சிரிப்பு வரவில்லை. நான் அப்படித்தான். ஒரு மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் அது என்னால்தான் என்று உடனே தோன்றிவிடும். மத்தியானம் பொரித்த கருவாட்டு மணமா, மகள் தாழ்வாரத்தில் ஓடி விளையாடியது பிடிக்கவில்லையா, இனி பில்டிங்கைப் பார்க்கிற சுப்பரிடம் போய்ச் சொல்லப் போகிறாரா என்று யோசனை ஓடியது. மனைவி எட்டிப் பார்த்து உள்ளே வரச் சொன்னாள். அவர் தலையைத் திருப்பாமலே நன்றி சொல்லி, அங்கேயே நின்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பில்டிங்கில் நான்கு வருடம் இருந்தோம். எத்தனையோ தடவை அவர் எங்கள் கதவைத் தட்டியிருப்பார். ஒரு தடவைகூடக் கதவு திறக்கும்போது அவர் முகம் உள்ளே பார்த்தபடி இருந்ததில்லை. உள்ளே இருக்கிற பெண்கள் தலை துவட்டிக்கொண்டு நிற்கலாம், எப்படியும் நிற்கலாம், வந்தவனுடைய கண் அவர்களுக்கு முந்திவிடக்கூடாது என்பது அவர்களுடைய பழக்கம் என்று பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு என் மனைவி ஹவுஸ்கோட்டோடும் தலையில் சுற்றிய துவாயோடும்தான் நின்றாள். எங்கள் ஆட்கள் மணியை அடிக்கிற அதே கையால் கதவுப் பிடியையும் திருகிப் பார்க்கிறவர்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. விமானங்கள் தலைக்கு மேலால் இறங்குகிற இடத்தில், வரிசையாய் ஆறு பில்டிங்குகள். எங்கள் சொந்தக்காரர் எல்லாரும் நகரத்தின் மற்றக் கோடியில், ஸ்காபரோவில் இருக்க, நாங்கள் மட்டும் வாடகை குறைவு என்று இந்தப் பக்கம் வந்திருந்தோம். எங்கள் மாடியில் பதினான்கு வீட்டில் பதினொன்று சோமாலிய வீடு. வந்த புதிதில் எனக்குப் பயம். அவர்களுடைய சத்தமான கதையும், எலிவேற்றரில் நாலைந்து பெண்கள் நிலம் தொடுகிற உடுப்போடு ஏறி வாய்விட்டுச் சிரிப்பதும் பார்த்து, அடக்கம் இல்லாத ஆட்கள் என்று மனதுக்குள் நினைத்திருக்கிறேன். அடக்கம் என்றால் மெதுவாய்ப் பேசுவது என்று எனக்கு யாரோ சின்னனில் சொல்லித் தந்திருந்தார்கள். அதைத் திருப்பி யோசித்துப் பார்க்க எனக்கு வாய்ப்பும் வரவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் கடைக்குப் போனவன் நான். யோசிப்பதெல்லாம் கத்தரிக்கோல் போகிற பாதையில்தான்.

வந்த பெண்ணை என் மனைவி எதிர்வீட்டு அக்கா என்பாள். நானும் அப்படியே எழுதுகிறேன். அக்காவின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே வகுப்பில் படிப்பை விட்டவை. அதனால் ஒருவருக்கொருவர் நன்றாய் விளங்கியது. மிசிசாகாப் பக்கம், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற ஒரு ஃபக்ரரியில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கே உடுப்பு, அரைக்கை வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும். அதை என்னால் போட முடியாது என்று அக்கா சுப்பவைசரிடம் நேரே சொல்லியிருக்கிறார். கெஞ்சவில்லை, சத்தமும் போடவில்லை. என்னால் முடியாது, வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். சுப்பவைசரும் பெண்தான். யோசித்து, வெள்ளையில் நீளமாய் ஒன்று தைத்துப் போட்டு வா என்றாராம். பொத்தான் இருக்கக்கூடாது, ஊசி குத்தக்கூடாது, கழன்று சாப்பாட்டுக்குள் விழுகிற எதுவும் கூடாது, சாப்பாட்டுத் தட்டுகள் ஓடுகிற பெல்ற்றில் மாட்டுகிற தொங்கல் கூடாது. திங்கட்கிழமை காலை பார்ப்பேன், சரியில்லாவிட்டால் வேலையை அடுத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டிவரும் என்றாராம்.

அந்த வேலை அக்காவுக்கு வெறும் சம்பளம் இல்லை. நைரோபியில் ஒரு வாடகை அறையில் தனியாய் இருந்த தாயைக் கூப்பிட ஸ்பொன்சர் பண்ண வேண்டும். அரசாங்க உதவிப் பணத்தில், வெல்ஃபெயரில் இருப்பவர் தாயை ஸ்பொன்சர் பண்ண ஏலாது. வேலைக் கடிதம் வேண்டும். அதை அவர் எனக்குச் சொல்லவில்லை, மனைவிக்குத்தான் சொன்னார். மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரிந்தவுடன் எடுத்த கத்தரிக்கோலைத் திரும்ப வைத்துவிட்டேன். ஒருவருடைய தாய் வருவதும் வராததும் என் தையலில் இருக்கிறது என்றால் நான் எப்படித் துணியை வெட்டுவேன்?

மனைவி அக்காவை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். எங்கள் பெண்கள் சட்டை தைக்க வந்தால் அவள் உள்ளே நின்று அளவெடுத்து உரத்துச் சொல்லுவாள், நான் வெளியே இருந்து எழுதிக்கொள்வேன். அன்றைக்கும் அப்படியே “தோள் பதினாறு” என்று தொடங்கினாள். அடுத்த அளவைச் சொல்ல வாயெடுத்தவளின் குரல் பாதியில் நின்றுபோனது. பிறகு உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கால் நாலாய் மடித்த கடதாசி ஒன்று வந்தது. அதில்தான் அளவெல்லாம் இருந்தன. அக்கா தன் கையால் மனைவியின் வாயைப் பொத்தினாராம். தாழ்வாரத்தில் தமையன் நிற்கிறார், சோபாவில் ஒரு பெடியன் இருக்கிறான், இவள் இடுப்பளவை ஊருக்கே சொல்லுகிறாளே என்று.

பதினைந்து வருடம் ஊரில் தையல் கடையிலும் இங்கே உடுப்பு ஃபக்ரரியிலும் நின்றவன் நான். ஒரு மனுசியின் அளவு அவளுடைய சொந்த விஷயம், அதை ஆட்களுக்கு நடுவில் கூவக்கூடாது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கடதாசியை விரித்துப் படித்தபோது யாரோ ஒருவருடைய கடிதத்தைப் படிப்பதுபோல் இருந்தது.

துணி அவருடையது. நாலரை யார், அதாவது நாலரைக் கெஜம், பொலியெஸ்ரர் கலந்த கொட்டன். வியாழன் இரவும் வெள்ளி பின்னேரமும் இருந்து தைத்தேன். இங்கேதான் நான் பிழை விட்டேன். அகலமாய் இருக்க வேண்டும், ஆனால் மாட்டக்கூடாது என்று அக்கா சொல்லியிருந்தார். என்னைப்போல ஒருவனுக்கு இரண்டாவது சொல்தான் பெரிதாய்க் கேட்கும். பெல்ற்றில் துணி மாட்டி, மெசின் இழுத்து, கை போய், அம்புலன்ஸ் வந்து, பொலிஸ் என்னைத் தேடி வருகிற வரைக்கும் எல்லாம் எனக்குக் கண்ணில் தெரிந்தது. அதனால் பக்கத்தை உள்ளே வாங்கினேன். முதுகில் உடம்போடு ஒட்ட இரண்டு டக் மடிப்புப் பிடித்தேன். இடுப்பிலே வளைத்து, கீழே கொஞ்சம் விரித்துவிட்டேன். மிஞ்சிய விளிம்பை ஒரு இழையும் தொங்காதபடி ஒட்ட வெட்டி, நூல் பிரியாமல் ஓவர்லொக் அடித்தேன். பயம் பாதி என்றால் பெருமை பாதி. ஃபக்ரரியில் எனக்கு நாள் முழுக்கக் கோட்டுப் பைகள் மட்டும்தான். ஒரு முழு உடுப்பைத் தைத்து எவ்வளவு காலம். அளவுக்கு அச்சாய்ப் பொருந்துகிற உடுப்புத்தான் நல்ல உடுப்பு என்று படித்தவன், அச்சாய்த் தைத்தேன்.

வெள்ளி இரவு அக்கா வந்து வாங்கினார். தையலை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கணம் இடுப்பு வளைவிலே கை நின்றதை நான் கண்டேன். வேலைப்பாட்டை வியக்கிறார் என்று நினைத்தேன்.

“மிக அழகான வேலை, பிரதர். நன்றி.”

இருபத்தைந்து டொலரைக் கணக்காய் மனைவியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று இரவு எனக்கு நித்திரை வந்தது. அது என்னைத் தெரிந்தவர்களுக்குப் பெரிய செய்தி.

சனி மத்தியானம் மனைவி ஒரு கோப்பை சீனி திருப்பிக் கொடுக்க எதிர்வீட்டுக்குப் போனாள். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீங்கள் அந்த மனுசிக்குச் சீலைக்குப் போடுற பிளவுஸ் தைச்சிருக்கிறியள்.”

எனக்கு விளங்கவில்லை. நீளம் கணுக்கால் வரை இருக்கிறது, கழுத்து மூடியிருக்கிறது, கை மணிக்கட்டு வரை இருக்கிறது, வேறென்ன என்று கேட்டேன்.

“நீளம் இருக்குதப்பா. ஆனால் போட்டால் ஆள் எப்பிடி எண்டு வடிவாய்த் தெரியுது. மூடினதும் மூடாததும் ஒண்டுதான். அவ திங்கட்கிழமை போகப் போறேல்லையாம். வேலை வேண்டாமெண்டு போன் அடிச்சுச் சொல்லப் போறாவாம்.”

மனைவி கேட்டுக் கேட்டுத்தான் அதுவும் வந்ததாம். சட்டை கதிரையின் முதுகில் மடிப்புக் கலையாமல் கிடந்திருக்கிறது. ஏன் அக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அந்த மனிதர் இரண்டு நாள் கண் விழித்துத் தைத்தார், அவருடைய கைவேலையை நான் எப்படிக் குறை சொல்வது என்றாராம்.

எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கட்டுரையில் நான் அவர்களை மெச்சித்தான் எழுதுகிறேன், ஆனால் அன்றைக்கு வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். தாயினுடைய விஷயம், வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கத்தினேன்.

“என்னெண்டு சொல்லுறது?” என்றாள் மனைவி. “‘பிரதர், இந்த இடம் இறுக்கம், அந்த இடம் பிதுங்குது’ எண்டு உங்களுக்குத் தொட்டுக் காட்டுறதே? நான் எண்டாலும் சொல்ல மாட்டன்.”

மச்சான் சோபாவிலிருந்து எழும்பாமலே, “அத்தான் ஆஸ்பத்திரி நேர்சம்மாவுக்குத் தைச்ச மாதிரித் தைச்சுப்போட்டார்” என்றான். பிரித்துத் தைக்கலாம் என்றால் விளிம்பு இல்லை. ஒட்ட வெட்டியவன் நான்தானே. ஒரு அங்குலம் விட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

புதுத் துணி வேண்டும். அக்கா தந்த இருபத்தைந்தை அன்று காலையே கொழும்புக்குக் கதைத்த ரெலிபோன் பில்லுக்குக் கட்டியாயிற்று. வீட்டில் இருந்தது பன்னிரண்டு டொலர். அடுத்த வெள்ளிதான் சம்பளம். மச்சானிடம் கேட்டேன். அவனிடம் பஸ் ரிக்கெற்தான் இருந்தது. மனைவி எதிர்வீட்டுக்குப் போய், நாங்கள் திரும்பத் தைத்துத் தருகிறோம், திங்கள் வரைக்கும் ஒருவருக்கும் போன் அடிக்காதேயுங்கோ என்று சொன்னாள். அக்கா வேண்டாம், வேண்டாம் என்று கையைப் பிடித்திருக்கிறார். இவள் விடவில்லை.

ஞாயிறு காலை மணி அடித்தது. திறந்தால் தமையன், சுவரைப் பார்த்தபடி. துணி வாங்குகிற இடத்தைக் காட்டுகிறேன், வருகிறாயா என்று கேட்டார். தங்கையின் சட்டையில் என்ன பிழை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நடந்த இருபது நிமிடமும் பனியைப் பற்றியும் ரக்ஸி ஓட்டுவதைப் பற்றியும்தான் கதைத்தோம்.

அவர் கூட்டிப் போனது பிளாசா ஒன்றுக்குள் இருந்த சோமாலியச் சந்தை. முழங்கையை விரித்தால் அடுத்த கடையில் இடிக்கிற அளவு சின்னக் கடைகள். சாம்பிராணி மணம். புடைவைக் கடையில் ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், துணிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, எதிரே நின்ற மூன்று ஆம்பிளைகளோடு விலைக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். என்ன சத்தம். கடைசியில் அவர்கள் மூவரும் தோற்றுச் சிரித்துக்கொண்டு காசை எண்ணி வைத்தார்கள். வைத்தது கல்லாவின் மேல், அவர் கையில் இல்லை. அவரும் மிச்சத்தை அங்கேயே வைத்தார். அவ்வளவு சத்தத்துக்கும் நடுவில் ஒருவருடைய விரல் ஒருவரில் படவில்லை, ஒருவரும் ஒருவர் முகத்தை முறைத்துப் பார்க்கவில்லை. நான் இவ்வளவு காலமும் அடக்கத்தைத் தொண்டையில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியதைச் சொன்னேன். வெள்ளை, நாலரை யார், வேலைக்குப் போடுகிற பெண் உடுப்பு. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் ஐந்து யாரை அளந்தார். அளந்துகொண்டே தன் நெஞ்சுக்கு முன்னால் துணியைப் பிடித்து, விட்டுக் காட்டினார்.

“தோளிலே தொங்க வேண்டும். தோளுக்குக் கீழே எங்கேயும் தொடக்கூடாது.”

அவ்வளவுதான் சொன்னார். பதினைந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த தையல் பாடங்களில் அதற்கு நிகராய் ஒன்றில்லை.

முப்பது டொலர் என்றார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பன்னிரண்டு டொலருக்கு எவ்வளவு வரும் என்று கேட்கத்தான் போயிருந்தேன், அவரோ வெட்டிவிட்டார். பையிலிருந்து காசை எடுத்து எண்ணுவது போல் எண்ணினேன். பக்கத்தில் நின்ற தமையன் அந்த நேரம் பார்த்து இரண்டு கடை தள்ளிப் போய் ஒரு சோடிச் செருப்பை எடுத்து அடியையும் மேலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது பெண்கள் போடுகிற செருப்பு. எனக்குத் தெரியும், அவருக்குச் செருப்பு வேண்டியதில்லை. என் கை காலியாய் இருப்பதைப் பார்த்தவராய் இருக்கக்கூடாது என்று போனார்.

அந்த அம்மாவும் என் கையைப் பார்க்கவில்லை. நான் வைத்த பன்னிரண்டை எண்ணாமல் எடுத்துப் பெட்டியில் போட்டார். துணியைப் பையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

“மற்றதைக் கொண்டுவருகிறபோது கொண்டுவா.”

கடன் எழுதக் கொப்பி இல்லை, என் பெயர் கேட்கவில்லை, எந்த பில்டிங் என்று கேட்கவில்லை. மற்றது எவ்வளவு என்றுகூட அவர் வாயால் சொல்லவில்லை. நான் பெயரைச் சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து, மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு மெசினில் உட்கார்ந்தேன். தோளில் தொங்குகிற உடுப்பு லேசானது என்று யாரும் நினைக்கக்கூடாது. அளவுக்கு வெட்டினால் உடம்பு பிழையை மறைத்துவிடும். தொங்கலில் எல்லாப் பாரமும் தோள் தையலில் வந்து நிற்கும், அங்கே ஒரு நூல் கோணினால் கீழே விளிம்பில் தெரியும். கை தூக்கினால் முழுச் சட்டையும் மேலே எழும்பாமல் இருக்கக் கக்கத்தில் சதுரத் துண்டு ஒன்று வைத்தேன். மணிக்கட்டில் இலாஸ்ரிக் போட்டு, அதை மடிப்புக்குள் மறைத்தேன். கீழ்ச் சுற்றைக் கூட்டாமல், விழுகிற மாதிரி விட்டு, பெல்ற்றின் சில்லுகளுக்கு எட்டாதபடி முழங்காலுக்குக் கீழே நிறுத்தினேன். உள்ளே அவர் தன்னுடைய பாவாடையைப் போட்டுக்கொள்வார்.

தலை மூடுவதுதான் பெரிய யோசனையாய் இருந்தது. அவர்கள் தலைத்துணியை ஊசி குத்தித்தான் நிறுத்துவார்கள். சாப்பாட்டுக்கு மேலே ஊசி ஏலாது. என்ன செய்வது என்று அறைக்குள் நடந்துகொண்டிருந்தபோது மகளுடைய பனித் தொப்பி கண்ணில் பட்டது. முகம் மட்டும் தெரிய, கழுத்தோடு சேர்த்து ஒரே துண்டாய்ப் போடுவது. அதைக் கடதாசியில் வைத்துக் கோடு பிடித்து, பெரிதாக்கி, நெஞ்சு வரை இறக்கித் தைத்தேன். ஊசியும் இல்லை, முடிச்சும் இல்லை. மச்சான் தன் தலையில் போட்டுக் கண்ணாடியில் பார்த்து, “நான் இப்ப வேலைக்குப் போகலாம் போலை இருக்கு, அத்தான்” என்றான். போகலாம்தான், அவனுக்கு அப்போது வேலை இல்லை.

பின்னேரம் அக்கா வந்து அறைக்குள் போட்டுப் பார்த்தார். கையைத் தூக்கச் சொல்லு, குனியச் சொல்லு, கீழே கிடக்கிறதை எடுக்கச் சொல்லு என்று நான் வெளியே நின்று மனைவிக்குச் சொன்னேன். உள்ளேயிருந்து ஒவ்வொன்றுக்கும் “ஓம்” என்று மட்டும் வந்தது. இந்த முறை ஒரு இலக்கமும் வெளியே வரவில்லை. கதவு திறந்தபோது அக்கா உடுப்பை மாற்றிப் பையில் வைத்துவிட்டிருந்தார். அது அவரில் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

திங்கட்கிழமை நான் ஃபக்ரரியில் மூன்று ஊசி உடைத்தேன். இடைவேளைக்கு இடைவேளை பொதுப்போனில் இருபத்தைந்து சதம் போட்டு வீட்டுக்கு அடித்தேன். “இன்னும் வரேல்லை” என்றாள் மனைவி. இரண்டாம் தரமும் “இன்னும் வரேல்லை.” மூன்றாம் தரம் அவளுக்கே பொறுமை போய்விட்டது.

“வரேல்லை எண்டால் நல்லதுதானே அப்பா. வேண்டாமெண்டால் எட்டு மணிக்கே திருப்பி அனுப்பியிருப்பாங்கள். போனை வைச்சிட்டுப் போய் வேலையைப் பாருங்கோ.”

பின்னேரம் ஆறு மணிபோல மணி அடித்தது. தமையன் பக்கவாட்டில் நின்று ஒரு பெரிய தட்டை நீட்டினார். ஆட்டிறைச்சிச் சோறு, மேலே நாலு வாழைப்பழம்.

“அவளை வைத்துக்கொண்டார்கள்” என்றார்.

அவ்வளவுதான். கையைக் கொடுத்தார், போய்விட்டார். சுப்பவைசர் சட்டையின் கையை இழுத்துப் பார்த்து, குனிந்து நிமிரச் சொல்லி, பெல்ற்றுக்குப் பக்கத்தில் நடக்கவிட்டுப் பார்த்தாராம். எல்லாம் மனைவி மூலம் பிறகு வந்த செய்தி. மச்சான் தட்டைப் பார்த்து, “சோத்துக்கு வாழைப்பழமோ?” என்று முகத்தைச் சுளித்தான்.

“நீ புட்டுக்குக் குழைச்சுத் தின்னேக்கை அது வேறை பழமே?” என்றாள் மனைவி. அவன் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான்.

அந்த வருடம் முடியுமுன் அதே ஃபக்ரரியில் வேலைக்குச் சேர்ந்த இன்னும் மூன்று சோமாலியப் பெண்கள் என்னிடம் வந்தார்கள். நாலாய் மடித்த கடதாசியோடுதான் வந்தார்கள். முதல் சட்டையில் நான் விட்ட பிழை அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அக்கா யாருக்கும் சொல்லவில்லை. அந்தச் சட்டையை என்ன செய்தார் என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டேன். வீட்டுக்குள், பெண்கள் மட்டும் இருக்கிறபோது போடுகிறாராம். தன்னிடம் இருப்பதில் அதுதான் வடிவான உடுப்பு என்றாராம். அவர்கள் வீட்டுப் பெண்களின் கூட்டத்துக்கு மனைவி சில தடவை போயிருக்கிறாள். மெல்லிய துணியில் பளபளவென்று உடுத்து, நகை போட்டு, சாம்பிராணி பிடித்து, அப்படி ஒரு அலங்காரத்தைத் தான் எங்கள் கலியாண வீடுகளிலும் கண்டதில்லை என்றாள். மேலே சொல் என்றேன். “அதெல்லாம் உங்களுக்குச் சொல்லக்கூடாது” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாங்கள் கொண்டாட்ட வீடுகளில் கவரின் மேல் பெயரும் உள்ளே தொகையும் எழுதிக் கொடுக்கிறவர்கள். நகரத்துக்கு வெளியே அஜக்ஸில் வீடு வாங்கினால் படிக்கட்டு எத்தனை, வோஷ்றூம் எத்தனை என்று வந்தவரை எண்ணிப் பார்க்க விடுகிறவர்கள். அதைக் குற்றமாய்ச் சொல்லவில்லை, நானும் அப்படித்தான். ஆனால் அந்த நான்கு வருடத்தில் எதிர்வீட்டில் யார் யாருக்கு உதவினார்கள் என்று எனக்கு ஒருநாளும் தெரிய வரவில்லை. உதவி நடந்துகொண்டே இருந்தது என்பது மட்டும் தெரியும். அக்காவின் தாய் இரண்டு பனிக்காலம் கழித்து வந்து சேர்ந்தார்.

சம்பளம் வந்த வெள்ளிக்கு அடுத்த நாளே நான் சந்தைக்குப் போனேன். புடைவைக் கடை அம்மாவைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். நான் காசை எடுத்ததும் அவர் என்னைத் தெரியாதவர் மாதிரி, “இன்றைக்கு உனக்கு வேண்டிய நிறம் இல்லை, பிறகு வா” என்றார். நான் நிறம் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்த பிறகுதான் விளங்கியது, அத்தனை பேருக்கு முன்னால் என்னைக் கடன்காரனாய் நிறுத்த அவருக்கு மனமில்லை. இரண்டாம் தரம் போனபோது தொழுகை நேரம், கடைக்கு மேல் ஒரு துணியை விரித்து மூடிவிட்டுப் போயிருந்தார். கல்லாவில் வைத்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். யாராவது எடுத்துவிட்டால் என்று பயந்து வந்துவிட்டேன். மூன்றாம் தரம் போனபோது பனி கரைந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு ஆள் ரெலிபோன் கார்ட் விற்றுக்கொண்டிருந்தார். அம்மா அமெரிக்காவில் மகளிடம் போய்விட்டார் என்றார்.

அக்காவின் தமையனிடம் கடனைச் சொல்லி, அந்த அம்மாவின் விலாசத்தை எடுத்துத் தரச் சொன்னேன்.

“அந்த அம்மா ஒருவரிடமும் சொல்லவில்லை” என்றார். “நான் விலாசம் கேட்டால், ஏன் என்று கேட்பார்கள். பிறகு நான்தான் உன்னைப் பற்றிச் சொன்னவன் ஆவேன். அது உனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிறது. இருக்கட்டும்.”

இருக்கிறது. இப்போது நாங்கள் ஸ்ரௌவ்வில்லில் சொந்த வீட்டில் இருக்கிறோம், அதற்கான கடன் வங்கியில் மாதா மாதம் கழிகிறது. இதை மட்டும் கழிக்க வழி தெரியவில்லை. வட்டி கேட்காத, கொப்பியில் இல்லாத, என்னைத் தவிர வேறு ஒருவருக்கும் நினைவில்லாத கணக்கு. பதினெட்டு டொலர்.